முகம் பார்க்கும் உரிமை: பெங்களூருவின் இரண்டு இறுதி ஊர்வலங்கள்

கன்னட நடிகர் ராஜ்குமார் 2006 ஏப்ரல் 12 அன்று பெங்களூருவில் மாரடைப்பால் இறந்தார். செய்தி பரவியதிலிருந்து மறுநாள் அடக்கம் முடியும் வரை அந்நகரம் கலவர பூமியாக இருந்தது. பேருந்துகள் எரிந்தன, கடைகளும் அலுவலகங்களும் கல்வீச்சுக்கு உள்ளாயின, காவல்துறை கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியதோடு துப்பாக்கிச் சூடும் நடத்தியது. காவலர் ஒருவர் உட்பட எட்டுப் பேர் உயிரிழந்தனர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் 29 அன்று, அவருடைய இளைய மகனும் நடிகருமான புனீத் ராஜ்குமாரும் மாரடைப்பால் இறந்தார். தந்தைக்கு மக்கள் அஞ்சலி செலுத்திய அதே கண்டீரவா விளையாட்டரங்கில் மகனின் உடலும் வைக்கப்பட்டது. தந்தை அடக்கம் செய்யப்பட்ட அதே கண்டீரவா ஸ்டுடியோ வளாகத்தில் மகனும் அடக்கம் செய்யப்பட்டார். இம்முறை இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினர். 2006-இல் நடந்ததைப் போன்ற எதுவும் நடக்கவில்லை.

இறந்தவர்களின் வயதை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் இது தலைகீழாக நடந்திருக்க வேண்டும். ராஜ்குமார் 76 வயது வரை வாழ்ந்தவர். புனீத்துக்கு 46 வயது, காலையில் உடற்பயிற்சி செய்துவிட்டு வந்தவர் மதியத்துக்குள் இல்லை. ஆகவே துக்கத்தின் கனம் கூடினால் கலவரம் கூடும் என்ற விளக்கம் இங்கே செல்லுபடியாகாது. இந்த இரு நிகழ்வுகளையும் தமிழகத்தில் நாம் கண்ட சில மறைவுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, ரசிகர் கூட்டம் ஒரு கலைஞரின் சாவில் எதைக் கேட்கிறது, அது கிடைக்காதபோது என்ன ஆகிறது என்பது ஓரளவு தெளிவாகிறது.

ராஜ்குமார் தமிழ் வாசகர்களுக்கு அந்நியர் அல்லர். முத்துராஜ் என்ற இயற்பெயர் கொண்ட அவர் பிறந்த காஜனூர் இன்றைய தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில், தாளவாடிப் பகுதியில் உள்ளது. 2000 ஜூலை 30 அன்று வீரப்பன் அவரைக் கடத்தியதும் அந்த ஊரிலிருந்துதான். 108 நாள் கழித்தே அவர் விடுவிக்கப்பட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தும் அநேகமாகக் கன்னடத்தை விட்டு வெளியே போகாதவர். 1980-களின் தொடக்கத்தில், பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்ட கோகாக் மொழிப் போராட்டத்துக்கு அவர் தலைமையேற்ற பிறகு, அவருடைய பெயர் திரைக்கு வெளியே கன்னட மொழி உரிமையின் பெயராகவும் ஆயிற்று. தேர்தல் அரசியலில் அவர் இறங்கவே இல்லை. ஆனால் அவருடைய ரசிகர் சங்கங்கள் திரையரங்க வாசலோடு நின்றுவிடவில்லை. மொழி, காவிரி என்று எந்தக் கிளர்ச்சி வந்தாலும் தெருவில் இறங்கிப் பழகியவை. ரசிகர்களை அவர் ‘அபிமானி தேவருகளு’ என்று அழைப்பார். ரசிகத் தெய்வங்கள் என்று பொருள். மேடையில் சொல்லும் உபசார வார்த்தை என்று நமக்குத் தோன்றலாம். கேட்ட ரசிகர்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

2006 ஏப்ரல் 12 அன்று மதியம் அவர் இறந்த செய்தி தொலைக்காட்சி வழியாகப் பரவியவுடன், சதாசிவநகர் வீட்டை நோக்கி மக்கள் திரண்டனர். அப்போது முதலமைச்சராக இருந்த எச். டி. குமாரசாமி பதவியேற்று இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. வீட்டு வாசலில் இடம் போதவில்லை, நெரிசல் கட்டுக்கடங்கவில்லை, உடல் விளையாட்டரங்குக்குக் கொண்டு செல்லப்பட்டது. உடல் எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போனால் பார்க்கலாம், எத்தனை மணி வரை பார்க்கலாம் என்ற மிகச் சாதாரணமான கேள்விகளுக்கு வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. மறுநாளே இறுதி ஊர்வலம் என்பதால் பார்ப்பதற்கான நேரமும் குறுகியது. வழிநெடுகிலும் தள்ளுமுள்ளு, தடியடி, பிறகு தீவைப்பு, பிறகு துப்பாக்கிச் சூடு. தகவல் தொழில்நுட்ப நகரம் என்று உலகத்துக்கு அறிமுகமாகியிருந்த பெங்களூருவில் நிறுவனங்கள் கதவடைத்தன. அந்த வாரம் வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரைகள் பலவும் ‘சமூக விரோதிகள்’ என்ற ஒரே சொல்லில் விஷயத்தை முடித்துக்கொண்டன. கூட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் இருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூட்டம் ஏன் அங்கே வந்தது, எந்த இடத்தில் பொறுமை இழந்தது என்பதை அந்தச் சொல் விளக்கவில்லை.

நம் வீடுகளில் சாவு நடந்தால் வெளியூர் உறவினருக்குச் சொல்லி அனுப்புகிறோம். அவர்கள் வந்து சேரும் வரை உடலை எடுப்பதில்லை. ‘கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிடட்டும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். பார்க்காமல் போனவர்கள் அதை ஆயுள் முழுக்கச் சொல்லி ஆற்றாமைப்படுவார்கள். ‘முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையே’ என்பதே சில குடும்பங்களில் தலைமுறைப் பகையாகிவிடும். முகம் பார்ப்பது உறவுக்காரரின் உரிமை. அந்த உரிமையை மறுப்பது உறவையே மறுப்பதாகும். தென்னிந்தியாவில் ஒரு ரசிகர் தம் நடிகருக்காகக் கோருவது இதே உரிமையைத்தான். ‘அண்ணன்’, ‘தலைவர்’, ‘வாத்தியார்’, கன்னடத்தில் ராஜ்குமாரை ‘அண்ணாவரு’, புனீத்தை ‘அப்பு’ என்று முறைவைத்து அழைத்துப் பழகியவர், சாவு வீட்டில் பார்வையாளராக நிற்கச் சம்மதிக்க மாட்டார். பங்காளியாகத்தான் வருவார்.

1987 டிசம்பர் 24 அதிகாலையில் எம்.ஜி.ஆர். இறந்தபோது தமிழகம் இதைப் பார்த்தது. ராஜாஜி மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டிருந்த இரண்டு நாளும் மக்கள் வெள்ளம் ஓயவில்லை. பல்லாயிரம் ஆண்கள் மொட்டை அடித்துக்கொண்டனர். தகப்பனுக்காக மகன் செய்கிற காரியம் அது. அதே நாள்களில் அண்ணா சாலையில் கடைகள் சூறையாடப்பட்டன. அங்கிருந்த கருணாநிதி சிலை உடைக்கப்பட்டது. மண்டபத்துக்குள்ளே நடந்ததும் உறவு பற்றிய தகராறுதான். உடலின் தலைமாட்டில் மணிக்கணக்கில் நின்ற ஜெயலலிதா, மெரினாவுக்குப் புறப்பட்ட பீரங்கி வண்டியிலிருந்து கீழே தள்ளப்பட்டார். யார் தலைமாட்டில் நிற்கலாம், யார் வண்டியில் ஏறலாம் என்ற கேள்வி அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கட்சியின் வாரிசுரிமைக் கேள்வியாகவே மாறியதை நாம் அறிவோம். உள்ளே கட்சிக்காரர்களும் வெளியே ரசிகர்களும் கேட்டது ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: இறந்தவருக்கு நான் யார்?

இந்த இடத்தில் ஆய்வாளர்கள் சொல்வதையும் குறிப்பிட வேண்டும். டொனால்ட் ஹோர்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், வானொலியும் தொலைக்காட்சியும் திரைப்படமும் பார்வையாளருக்கும் கலைஞருக்கும் இடையே ஒருதலையான நெருக்கத்தை உண்டாக்குகின்றன என்று விளக்கினர். கலைஞரைப் பற்றி ரசிகருக்கு எல்லாம் தெரியும். கலைஞருக்கோ அந்த ரசிகர் இருப்பதே தெரியாது. 1989-இல் கென்னத் டோகா, சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்ற கருத்தை முன்வைத்தார். இறந்தவரோடு உறவு இருந்ததாக மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாதபோது, துக்கப்படுகிறவருக்கு விடுப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை. ‘அவர் உனக்கு என்ன மாமனா மச்சானா’ என்ற கேலிதான் மிஞ்சுகிறது. இந்த விளக்கங்கள் பயனுள்ளவையே. என்றாலும் அவை தனியறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒற்றை மனிதரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர் ரசிகர் தனி மனிதர் அல்லர். அவர் ஒரு மன்றத்தின் உறுப்பினர். முதல் நாள் முதல் காட்சிக்கு ஊர்வலமாகப் போனவர், கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்தவர், நடிகரின் பிறந்தநாளுக்குச் சோறு போட்டவர். அவருடைய உறவு நடிகரோடு ஒருதலையானதாக இருக்கலாம்; மன்றத்தில் பக்கத்தில் நிற்கிற நண்பரோடு இருதலையானது. நடிகர் இறக்கும்போது முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்து செய்துவந்த ஒரு காரியத்தின் காரணமே போய்விடுகிறது. அதனால்தான் அந்தத் துக்கம் உடனே தெருவுக்கு வருகிறது, உடனே வேலையாக உருவெடுக்கிறது. ‘கண்ணீர் அஞ்சலி’ சுவரொட்டி இரவோடு இரவாக அச்சாகிறது. அடியில் மன்ற நிர்வாகிகளின் படங்கள் வரிசையாக இடம்பெறுகின்றன. அதைப் பார்த்து நகைப்பவர்கள் உண்டு. ஆனால் இறந்தவருக்கு இன்னார் இன்னின்ன முறை என்று பெயர் போட்டு அச்சடிக்கும் கருமாதிப் பத்திரிகையை நாம் நகைப்பதில்லையே.

புனீத்தின் மறைவை அரசும் குடும்பமும் கையாண்ட விதத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். இறப்பு உறுதியான அன்றே, உடல் கண்டீரவா விளையாட்டரங்கில் வைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. பெங்களூருவில் மதுக்கடைகள் மூடப்பட்டன. அமெரிக்காவிலிருந்து மகள் வந்து சேர வேண்டியிருந்தது. ஊரெங்கிலுமிருந்து ரசிகர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். அடக்கம் சனிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. மகள் முகம் பார்க்கக் கிடைத்த அந்தக் கூடுதல் பொழுது ரசிகர்களுக்கும் கிடைத்தது. இரவும் பகலும் வரிசை நகர்ந்தது. வரிசை நகர்வது எளிய விஷயம்போலத் தெரியும். தன் முறை வரும் என்று நம்புகிறவர் தடுப்பைத் தாண்ட மாட்டார். வராது என்று தெரிந்தவர்தான் தாண்டுவார். கடைசியில் ஞாயிறு விடியும் முன்பே ஊர்வலம் புறப்பட்டு, காலைப் பொழுதிலேயே அடக்கம் முடிந்தது. பார்க்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் பார்த்து முடித்திருந்தார்கள். அப்போதைய முதலமைச்சர் பசவராஜ் பொம்மை இறந்தவரின் நெற்றியில் முத்தமிட்ட காட்சி அன்று நேரலையில் ஒளிபரப்பானது. அரசு மரியாதை என்ற சடங்கை விடவும் அந்த ஒரு செய்கைதான் கூட்டத்துக்குப் பிடிபட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

2021-இன் வரிசைகளில் பெண்களும் குழந்தைகளோடு வந்த குடும்பங்களும் பெருமளவில் இருந்தனர். 2006-இன் தெருக்களை நிறைத்திருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். புனீத் குழந்தை நட்சத்திரமாகத் தேசிய விருது பெற்றவர், பிற்பாடு தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியை நடத்தி வீட்டுக்கூடத்துக்குள் வந்தவர் என்பது ஒரு காரணம். ஒழுங்கான வரிசை இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பெண்கள் வருவார்கள் என்பது இன்னொரு காரணம். இதில் எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். பெண்கள் நிறைந்த வரிசையில் தள்ளுமுள்ளு குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவும் இல்லை. புனீத் இறந்த அந்த நாள்களில் சில ரசிகர்கள் அதிர்ச்சியில் இறந்தார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். யாரும் அப்படிச் செய்ய வேண்டாம், உங்கள் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள் என்று புனீத்தின் அண்ணன்மார் சிவராஜ்குமாரும் ராகவேந்திராவும் கேட்டுக்கொண்டனர். எம்.ஜி.ஆர். மறைவின்போதும் தமிழகத்தில் பலர் தம்மை மாய்த்துக்கொண்டனர். அந்தச் சாவுகளைத் ‘தியாகம்’ என்று மேடைகளில் பேசும் வழக்கம் நம் அரசியலில் நெடுங்காலம் இருந்தது. அப்படிப் பேசுவது அடுத்தவரைத் தூண்டும் என்பதால் அது கைவிடப்பட வேண்டிய வழக்கம். துக்கத்தைச் சொந்த அண்ணனே தாங்கிக்கொண்டு நிற்கிறார், நீங்களும் தாங்குங்கள் என்று குடும்பத்தார் வெளிப்படையாகச் சொல்வதே மேல்.

உடலைப் பார்க்கவே வாய்ப்பில்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குப் பெருந்தொற்றுக் காலம் ஒரு விடை வைத்திருக்கிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்ட் 5 அன்று சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். நிலைமை மோசமான பின், பாரதிராஜா முன்னின்று விடுத்த அழைப்பை ஏற்று, ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்குத் திரையுலகினரும் ரசிகர்களும் அவரவர் இடத்தில் அவருடைய பாடலை ஒலிக்கவிட்டுப் பிரார்த்தனை செய்தனர். செப்டம்பர் 25 அன்று அவர் காலமானார். அவருடைய வீட்டின் முன் கூட்டம் சேரத் தொடங்கியதும் அன்றிரவே உடல் திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, மறுநாள் காவல்துறை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. கட்டுப்பாடுகளால் பெரும்பாலானவர்கள் போக முடியவில்லை. இருந்தும் மனக்குறை கோபமாகவில்லை. தொற்றுக்காலக் கட்டுப்பாடு எல்லோர் வீட்டுச் சாவுக்கும் பொருந்தியது. தம் சொந்தத் தாய் தகப்பனையே பார்க்க முடியாதவர்கள் அந்த ஆண்டு எத்தனையோ பேர். அதோடு, பாடகரிடம் ரசிகருக்கு முகத்தை விடக் குரல்தான் நெருக்கம். அந்தக் குரல் கைப்பேசியிலும் பண்பலை வானொலியிலும் அன்று முழுக்க இருந்தது. நாற்பதாயிரம் பாடல்கள் என்று சொல்வார்கள். எண்ணிக்கை எப்படியாயினும், அவரவர் வயதுக்கும் காதலுக்கும் ஏற்ப ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே துக்கம் காக்க முடிந்தது. ஒரு நடிகருக்கு இவ்வளவு எளிதாக அது அமையாது.

தமிழகத்தில் கூட்டத்தைக் கையாண்டதற்கு எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது 2001 ஜூலையில் நடந்த சிவாஜி கணேசனின் இறுதி ஊர்வலம். நடிகர் சங்கத் தலைவராக இருந்த விஜயகாந்த் தாமே கூட்டத்துக்குள் இறங்கி நின்று வழிவிடச் செய்தார்; காவல்துறையின் தடியை விட ரசிகர்களுக்குத் தெரிந்த ஒரு நடிகரின் அதட்டல் அங்கே எடுபட்டது. 2023 டிசம்பர் 28 அன்று அதே விஜயகாந்த் இறந்தபோது, கோயம்பேடு கட்சி அலுவலகத்தில் நெரிசல் மிகுந்ததால், மறுநாள் அதிகாலை உடல் தீவுத்திடலுக்கு மாற்றப்பட்டது. விரிந்த திடல், உள்ளே போகவும் வெளியே வரவும் தனித்தனி வழி, முன்கூட்டிய அறிவிப்பு. 2006-இல் பெங்களூருவில் இல்லாதவை இவைதாம்.

சாவு வீட்டுச் சடங்கு அடக்கத்தோடு முடிவதில்லை. ரசிகரின் துக்கமும் அப்படியே. நம் பால் தெளிப்பைப் போலக் கன்னடர்களுக்கு ‘ஹாலு துப்ப’ என்ற பாலும் நெய்யும் விடும் சடங்கு உண்டு. புனீத்துக்கு அது முடிந்த பிறகே சமாதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பன்னிரண்டாம் நாள் காரியத்தையொட்டி, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் குடும்பத்தார் ரசிகர்களுக்குப் பந்தி போட்டார்கள். அண்ணன்மார் நின்று பரிமாறினர். துக்க வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘அபிமானி தேவருகளு’ என்று தகப்பன் சொன்னதை மகன்கள் இலையில் பரிமாறிக் காட்டிவிட்டார்கள்.

கண் தானம் பற்றிய கதை இதைவிட நீளமானது. ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமான 1954-ஆம் ஆண்டுப் படத்தில் ஏற்ற வேடம் கண்ணப்ப நாயனார். 1994-இல் நாராயண நேத்ராலயா மருத்துவமனையில் தம் பெயரிலான கண் வங்கியைத் தொடங்கிவைத்தபோது, தம் குடும்பத்தார் அனைவரின் கண்களும் தானமாகும் என்று அவர் உறுதியளித்தார். அவர் இறந்தபோதும், 2017-இல் மனைவி பர்வதம்மா இறந்தபோதும், பிறகு புனீத் இறந்தபோதும் அந்த உறுதி நிறைவேறியது. புனீத்தின் விழிவெண்படலங்கள் நான்கு பேருக்குப் பார்வை தந்தன என்று மருத்துவமனை தெரிவித்தது. அதைத் தொடர்ந்து கர்நாடகத்தில் கண் தானத்துக்குப் பதிவு செய்கிறவர்கள் பெருகினர்; பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையிலும் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. 2021 ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் இறந்தபோது தமிழகத்தில் ரசிகர்கள் ஊர் ஊராக மரக்கன்று நட்டது இதே வகையைச் சேர்ந்தது. ஒரு கோடி மரங்கள் என்ற இலக்கில் முப்பது இலட்சத்துக்கு மேல் அவரே நட்டு முடித்திருந்தார். விட்ட வேலையைத் தொடர்வதும் பிள்ளைகளின் பொறுப்பு என்றே அவர்கள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இறந்தவர் தெளிவான ஒரு வேலையை விட்டுச் சென்றிருந்தால்தான் இது நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாத கலைஞர்களுக்கு ரசிகர்கள் சிலையும் சாலைப் பெயரும் கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

இடம் பற்றிய கேள்வி மட்டும் ஆண்டுக்கணக்கில் முடியாமல் நீள்கிறது. மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து உள்ளே அவருடைய கைக்கடிகாரம் ஓடும் ஓசையைக் கேட்க முயல்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். அது அரசு நிலம், யாரும் வெளியேற்ற மாட்டார்கள். கன்னட நடிகர் விஷ்ணுவர்தனுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. 2009 டிசம்பர் 30 அன்று இறந்த அவரை பெங்களூருவின் அபிமான் ஸ்டுடியோ வளாகத்தில் தகனம் செய்தார்கள். அந்த நிலம் தனியார் குடும்பத்தின் கையில் இருந்ததால் அங்கே நினைவிடம் கட்டுவது வழக்கில் சிக்கியது. 2023 ஜனவரியில் மைசூரு அருகே அரசு நினைவிடம் திறந்தது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதோடு அமையவில்லை. தகனம் நடந்த மண்தான் வேண்டும் என்றனர். 2025 ஆகஸ்டில் அபிமான் ஸ்டுடியோவில் இருந்த சமாதி இடிக்கப்பட்டபோது, அவர் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தும், ரசிகர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். மைசூருவில் மண்டபம் இருக்கிறதே என்ற பதில் அவர்களிடம் எடுபடவில்லை. அந்த நிலத்தில் கொஞ்சத்தையாவது அரசு கையகப்படுத்தித் தர வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கையாக இருந்தது.